ஃபெரெட்டின் பின்னங்கால் தளர்ந்தால்…

கேள்வி: என் மகள் ஆசையாக வளர்க்கும் ஆண் ஃபெரெட்டுக்கு வயது 5. சில வாரங்களாகத் தூங்கி எழுந்ததும் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது, எச்சில் வடிகிறது, எங்கேயோ வெறித்துப் பார்க்கிறது. சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது. வாலில் முடியும் கொட்டுகிறது. வயதானதால்தானா? உலர்திராட்சை கொடுத்தால் தெம்பாகிறது; தொடரலாமா?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: வயதின்மேல் பழியைப் போடாதீர்கள். சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தடயம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் கட்டி வந்து, இரத்தச் சர்க்கரை இறங்கிப்போகும் ‘இன்சுலினோமா’வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் பழகிப்போன நீரிழிவுக்கு இது நேர் எதிர். மூன்று வயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்கு அடிக்கடி வருவது.

திராட்சையை இன்றே நிறுத்துங்கள். இனிப்பு உள்ளே போனதும் கட்டி இன்னும் இன்சுலினைச் சுரக்கும். சற்று நேரத்தில் சர்க்கரை முன்பைவிடக் கீழே போய்விடும். ஃபெரெட் முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. மாமிசப் புரதமும் கொழுப்பும் உள்ள உணவு கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

ஃபெரெட்டுகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை. சில மணி நேரம் உணவை நிறுத்தி இரத்தம் எடுப்பார். அதை நீங்களாக வீட்டில் செய்யக் கூடாது. சர்க்கரை 60 மில்லிகிராமுக்குக் கீழே (உங்கள் ஊர்க் கணக்கில் 3.3 மில்லிமோல்) இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. மனிதருக்கான குளுக்கோமீட்டர் ஃபெரெட் இரத்தத்தில் அளவைக் குறைத்துக் காட்டும், அதை நம்ப வேண்டாம். பிரெட்னிசலோன், டயசாக்ஸைடு மருந்துகளும் அறுவை சிகிச்சையும் உண்டு. நோய் அடியோடு போவது அரிது. ஆனால் நல்லபடியாக வாழும் காலத்தை நீட்டிக்க முடியும். பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

வால் முடி உதிர்வு வேறு கதை. அட்ரினல் சுரப்பி நோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். வட அமெரிக்காவில் குட்டியிலேயே கருத்தடை செய்து விற்பது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் பதிப்பார்கள். இரண்டையும் ஒரே வருகையில் காட்டிவிடுங்கள்.

அதுவரை, மயங்கி விழுந்தால் ஈறில் பஞ்சுக்குச்சியால் தேன் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், விரலையும் விடாதீர்கள். நினைவு வந்ததும் மாமிச உணவு கொடுத்து மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆண் ஃபெரெட் என்பதால் இன்னொன்று: அட்ரினல் நோயில் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபடலாம். முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.