கடையைத் திறக்கலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 51. இரைப்பைப் புற்றுநோய், நான்காம் நிலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ போகிறது. ‘சராசரியாக ஒரு வருஷம்’ என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது என் காதிலும் விழுந்துவிட்டது. ரொம்ப வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். விரல் நுனி மரத்துப்போகிறது என்று சொன்னதிலிருந்து ஊசியைத் தொடவே விடுவதில்லை. ‘பேசாமல் படு’ என்கிறார்கள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகளுக்கு, ‘அம்மா கண்ணால் பார்த்துவிடட்டும்’ என்று தை மாதமே கல்யாணத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். எனக்கோ கடைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. இது பிடிவாதமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: பிடிவாதம் இல்லை சகோதரி. கடையைத் திறங்கள்.

முதலில் அந்த ‘ஒரு வருஷம்’. உங்களைப் போன்ற நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவருடைய காலம் அது. பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982-ல் வயிற்றுச் சவ்வில் அபூர்வமான புற்றுநோய் வந்தபோது, அந்த நடுக்கணக்கு எட்டே மாதம். அவர் 2002 வரை இருந்தார். உங்களுக்கும் 20 வருடம் என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். வரிசையில் உங்கள் இடம் எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். வீட்டுக்காரர் வழியாகக் காதில் விழ வேண்டாம்.

கடைக்கு வருவோம். கீமோ போட்ட முதல் வாரம் உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கும். அடுத்து வெள்ளை அணுக்கள் குறையும் நாட்கள், கூட்டத்துக்குள் போகாதீர்கள். பலருக்கும் மூன்றாவது வாரத்தில்தான் தெம்பு திரும்புகிறது. அந்த வாரத்தை நலம் விசாரிக்க வருபவர்களுக்குக் கொடுத்துவிடாமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் போதும். விரல் மரத்திருந்தால் ஊசி குத்துவது தெரியாது, சின்னக் காயத்திலும் கிருமி புகுந்துவிடும். அதனால் கொக்கி வைப்பது, ஹெம்மிங் எல்லாம் உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவெடுப்பது, சாக்பீஸில் கோடு போடுவது, கழுத்து எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் வேலை. சில்லென்ற கத்தரிக்கோலைத் தொட்டால் விரல் சுரீர் என்கிறதா? இந்த நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளின் குணம் அது, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் மட்டும், ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரி.

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் இருக்கிற தெம்பும் போய்விடும். இந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வலி, குமட்டல், தூக்கமின்மை எதுவானாலும் பேலியேட்டிவ் கேர் டாக்டரை இப்போதே பாருங்கள். வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை அது. எல்லாம் முடிந்தபின் அனுப்பும் இடம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படியில்லை. முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து பாஸ்டனில் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஆரம்பத்திலிருந்தே வழக்கமான புற்றுநோய் சிகிச்சையோடு பேலியேட்டிவ் கேரையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. நடுக்கணக்கில் அவர்கள் இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தச் சேவையைத் தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கல்யாணம் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மகள் கேட்காத கல்யாணத்தை உங்கள் நோய்க்காக நடத்தாதீர்கள். பத்திரிகை, மண்டபம், சீர்வரிசை என்று ஆரம்பித்தால் உங்களுடைய நல்ல வாரங்களெல்லாம் அதிலேயே போய்விடும். ‘அம்மாவுக்காக’ என்று தலையாட்டிவிட்டு, பிறகு படிப்பையும் விட்டு, அம்மாவின் பக்கத்தில் இருக்கவும் முடியாமல் புகுந்த வீட்டில் தவித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டால் அவள் ‘சரி’ என்றுதான் சொல்வாள். கடைக்குக் கூட்டிப்போய்த் தனியாகக் கேளுங்கள். மனதில் ஒருவர் இருந்து, அவளே இப்போது வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்: கோயிலில், எளிமையாக, உங்கள் மூன்றாவது வாரத்தில் ஒரு முகூர்த்தம் பார்த்து. இல்லையென்றால், படிப்பு முடியட்டும் என்று உறவுக்காரர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் சொன்னால் ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள். நீங்கள் சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.