கண்டனூர்க்காரர் அடித்த முதல் கோல்

கேள்வி: ஜப்பானின் பேரரசர் கோப்பைபோல, தோற்றால் வெளியேற வேண்டிய கோப்பை எதையாவது நம் பெங்களூரு எஃப்சி வென்றிருக்கிறதா?
– வாசகர், ஜோகுபாளையம்

பதில்: பலமுறை! ஃபெடரேஷன் கோப்பை (2015, 2017), சூப்பர் கோப்பை (2018). எனக்கு மிகவும் பிடித்தது 2022 டியூரண்ட் கோப்பைதான். 1888-ல் தொடங்கிய போட்டி அது. குழுச் சுற்று முடிந்து காலிறுதியிலிருந்துதான் வாழ்வா சாவா ஆட்டம். ஒடிசாவுடன் காலிறுதி கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள்வரை இழுத்தது. ராய் கிருஷ்ணாவின் கோல்தான் காப்பாற்றியது. செப்டம்பர் 18, கொல்கத்தாவில் இறுதி ஆட்டம். மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் யார் தெரியுமா? சிவகங்கை மாவட்டம் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன்! மும்பை சமன் செய்தது. பிறகு சேத்ரியின் கார்னரை அலன் கோஸ்டா தலையால் முட்ட, 2-1. அல்சூர்ப் பக்கம் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குச் சிவசக்தியின் அந்த கோலை அவசியம் போட்டுக் காட்டுங்கள்.