முதுகெலும்பு முறிவும் உள்ளே ஒழுகும் இரத்தமும்

மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ வீழ்ந்த ஒருவனைச் சூழ்ந்து நிற்போர், முதலில் அவனுடைய கால்கள் அசைகின்றனவா என்றே பார்க்கின்றனர். இது பிழையன்று. ஆயினும் அவனுயிரை விரைவிற் போக்கக்கூடியது, எலும்போடு சேர்ந்து கிழிந்த பெரிய இரத்தக் குழாயே ஆகும்.

உடலமைப்பை நோக்கினால் காரணம் விளங்கும். இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனி, மார்பில் முதுகெலும்பின் இடப்புறத்தை ஒட்டி இறங்கி, வயிற்றில் அதன் முன்புறம் படிந்து செல்கிறது. கழுத்தில் இவ்வுறவு இன்னும் நெருக்கமானது. மூளைக்குச் செல்லும் முள்ளெலும்புத் தமனிகள் கழுத்தெலும்புகளிலேயே அமைந்த துளைகளின் வழியாக மேலேறுகின்றன. எலும்பு நழுவினால் தமனியின் உட்சுவர் கிழிந்து இரத்தம் உறையலாம். அவ்வாறாயின் பக்கவாதம் சில நாட்கள் கழித்தும் தோன்றுவதுண்டு.

முள்ளெலும்பு குறுக்கே பிளக்கும் முறிவு ஒன்றைச் சான்ஸ் என்னும் கதிர்ப்பட மருத்துவர் 1948-இல் விவரித்தார். மோட்டார் வண்டியில் மடியின் குறுக்கே மட்டும் பட்டை அணிந்தவர், மோதலின்போது அதன்மேல் மடிவதால் இம்முறிவு நேர்வதுண்டு. அப்போது குடலும், சிற்சில வேளைகளில் வயிற்றுப் பெருந்தமனியும் சேதமுறும். வயிற்றில் பட்டையின் கன்றிய தடத்தைக் கண்டால், வலி சிறிதேயெனினும் அலட்சியம் செய்யலாகாது.

இனி, அடிக்கடி தவறு நேரும் இடத்திற்கு வருவோம். கழுத்திலோ மேல் மார்பிலோ தண்டுவடம் சிதைந்தால் இரத்த அழுத்தம் தாழும். ஆனால் தோல் வெதுவெதுப்பாயிருக்கும், நாடி மெதுவாக ஓடும். உள்ளே இரத்தம் ஒழுகுமாயின் தோல் குளிர்ந்து வெளிறும், வியர்க்கும், நாடி விரையும். இவ்விரண்டும் ஒருவனிடமே கூடினால் நாடி விரையாமலும் இருக்கலாம். ஆகவே மெதுவான நாடியை நம்பி, 'இது தண்டுவடத்தின் விளைவே' என்று வாளாவிருத்தல் கூடாது. இரத்தப்போக்கு இல்லையென்று மருத்துவர் உறுதி செய்யும் வரை அது உண்டென்றே கொள்க. கால்கள் செயலற்றிருந்தால் தொடையிடுக்கின் நாடியையும் தொட்டுப் பார்க்கவேண்டும். நாடியின்றிக் கால்கள் குளிர்ந்திருப்பின், குற்றம் தமனியிலும் இருத்தல் கூடும்.

உள்ளே ஒழுகும் இரத்தத்தை வெளியிலிருந்து கட்டி நிறுத்த இயலாது. கைகால்களைப் பற்றித் தூக்குவதும், ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதும் கேடு விளைக்கும். தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கப் பலர் சேர்ந்து புரட்டிப் பலகையிற் கிடத்துக. போர்வையால் மூடுக, நீரும் உணவும் கொடாதிருக்க. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், காயமுற்ற மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினாலன்றிப் பயன் தராது. ஆதலின் விபத்து நேர்ந்த வேளையையும், இருமுறை எண்ணிய நாடித் துடிப்பையும் ஒரு தாளில் எழுதி, ஆளுடனேயே அனுப்புக.