முத்திரையும் உரையும்
(வாக்களிக்கப்பட்டவர் பற்றிய பஹாய் கோட்பாடும் இஸ்லாமிய மறுப்பும்)

ஒரு சமயக் கொள்கையை மறுக்க முற்படுவோர், முதலில் அதனை அச்சமயத்தார் கூறும் முறையிலேயே அறிந்துகொள்ளுதல் வேண்டும். பிறர் சொல்லாததைச் சொன்னதாகக் கொண்டு மறுப்பது வாதமும் அன்று, அறமும் அன்று. ஆதலின் பஹாய் சமயத்தாரின் கூற்றை முதற்கண் எடுத்துரைத்து, அதன்பின் இஸ்லாமிய அறிஞர்தம் மறுப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஹாய் கூற்று

ஈரான் நாட்டு ஷீராஸ் நகரில் சையிது அலீ முஹம்மது என்னும் இளம் வணிகர், 1844ஆம் ஆண்டு மே மாதத்தில் தம்மைப் 'பாப்' என்று அறிவித்தார். 'வாயில்' என்பது அச்சொல்லின் பொருள். எதிர்பார்க்கப்பட்ட காயிம், அஃதாவது மஹ்தி, தாமே என்று 1848இல் வெளிப்படையாகக் கூறினார். 1850 ஜூலையில் தப்ரீஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவருள் ஒருவரான மிர்சா ஹுசைன் அலீ, பஹாவுல்லாஹ் எனப் பெயர் பெற்றவர். பாப் முன்னறிவித்தவர் தாமே என அவர் 1863இல் பக்தாதில் அறிவித்தார். பின்னர் நாடு கடத்தப்பட்டு, 1868 முதல் பாலஸ்தீனத்து அக்கா நகரில் சிறை வைக்கப்பட்டு, 1892இல் அந்நகரின் அருகே காலமானார்.

பாப் அவர்களே மஹ்தி. பஹாவுல்லாஹ்வே ஈசா நபி (அலை) அவர்களின் மீள்வருகை. இது பஹாய்களின் நம்பிக்கை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இறைத்தூதர் என்றும், குர்ஆனை இறைவேதம் என்றும் அவர்கள் ஏற்கின்றனர். எனவே கருத்து வேறுபாடு நபியவர்களின் உண்மையைப் பற்றியதன்று. அவர்களுடைய இறுதித்தன்மையைப் பற்றியதாகும்.

முத்திரை என்னும் சொல்

திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் நபியவர்களைக் 'காத்தமுன் நபிய்யீன்' எனக் குறிக்கின்றது. நபிமார்களின் முத்திரை என்பது இதன் பொருள். இதனைப் பஹாய்கள் இருவகையாக விளக்குவர். முடிவுற்றது நபித்துவமே, ரஸூல்மார்களின் வருகை முடியவில்லை என்பது ஒன்று. தூதர் அனைவரும் மெய்ந்நிலையில் ஒருவரே. ஆதலின் எவரும் முதல்வராகவும் இறுதியானவராகவும் கூறப்படலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் விளக்கத்தைப் பஹாவுல்லாஹ்வின் 'கிதாபே ஈகான்' என்னும் நூலிற் காணலாம்.

முதல் விளக்கத்திற்கு விரிவுரையாளர்கள் தரும் விடை எளியது. ரஸூல் ஒவ்வொருவரும் நபியே. நபி ஒவ்வொருவரும் ரஸூல் அல்லர். பெருவட்டம் மூடப்பட்டபின் அதனுள் அடங்கிய சிறுவட்டம் திறந்திருத்தல் எவ்வாறு? மேலும், தூதுத்துவம், நபித்துவம் ஆகிய இரண்டுமே முடிவுற்றன எனக் கூறும் நபிமொழி திர்மிதீ தொகுப்பில் உள்ளது.

பாடவேறுபாடும் இங்கு நோக்கத்தக்கது. ஆஸிம் அவர்களின் ஓதல்முறையில் இச்சொல் 'காத்தம்' என வரும்; ஏழு ஓதல்முறைகளுள் ஏனையவற்றில் 'காத்திம்' என வரும். முன்னது முத்திரை, பின்னது முடித்துவைப்பவர். ஒரு பாடம் மற்றொன்றன் பொருளை உறுதி செய்கின்றது. மடல் எழுதி முடித்தபின் இடப்படுவதன்றோ முத்திரை!

இரண்டாம் விளக்கத்தின்படி தூதர் எல்லோரும் இறுதியானவரே எனின், நபியவர்களுக்கு மட்டும் அச்சிறப்புப் பெயரைத் திருமறை வழங்கியதற்குக் காரணம் காண இயலாது போகும்.

காலக் கணக்கு

பன்னிரண்டாம் இமாம் ஹிஜ்ரி 260இல் மறைந்தார் என்பது ஷீஆ மரபு. 32ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் ஆயிரம் ஆண்டு அளவுடைய ஒரு நாளைக் குறிப்பிடுகின்றது. இரண்டையும் கூட்டினால் ஹிஜ்ரி 1260 ஆகும், அதுவே கி.பி. 1844 என்பர் பஹாய்கள். ஆனால் எண்ணத் தொடங்கும் ஆண்டு அவ்வசனத்தில் இல்லை. வெளியிலிருந்து கொணர்ந்து சேர்க்கப்பட்டது. சுன்னத் ஜமாஅத்தினர் அம்மறைவையே ஏற்பதில்லை. ஏற்கின்ற ஷீஆக்களுக்கோ, வரவேண்டியவர் ஹசன் அஸ்கரீ (அலை) அவர்களின் மைந்தராகிய குறிப்பிட்ட ஒருவரே. ஷீராஸில் 1819இல் பிறந்த வேறொருவர் அல்லர்.

பின்பற்றுபவரா, மாற்றுபவரா?

இம்மறுப்புகளுள் மிக வலியது இதுவே. மஹ்தி (அலை) அவர்கள் பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் வழித்தோன்றலாக வந்து, அநீதி நிறைந்த உலகை நீதியால் நிரப்புவார் என அபூதாவூத் தொகுப்பு கூறும். பாப் சையிது குலத்தவர் என்பதால் மரபு ஒன்றே பொருந்திவிட்டதாகக் கொள்ளினும், மற்றவை எஞ்சி நிற்கின்றன. மஹ்தியும், மீண்டும் வரும் ஈசா நபியும் முஹம்மது நபியின் ஷரீஅத்தைப் பின்பற்றி வருவர் என்பதே இஸ்லாமிய நம்பிக்கை. பாப் அவர்களோ 'பயான்' என்னும் நூலால் அச்சட்டத்தை நீக்கினார். பஹாவுல்லாஹ் 'கிதாபே அக்தஸ்' நூலில் வேறு கிப்லாவையும், 19 நாள் நோன்பையும் விதித்தார். புதிய சட்டத்துடன் வருபவர் பழைய சட்டம் எதிர்பார்த்தவராக இருத்தல் இயலுமா?

இதற்குப் பஹாய்கள், முன்னறிவிப்புகள் பலவும் உருவகங்கள் என்பர். உரைமரபு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. செய்யுளுக்கு உட்பொருள் காண்பது உரையாசிரியர் உரிமை. எனினும் மூலம் சுட்டும் பெயரையும் குலத்தையும் செயலையும் ஒருங்கே உருவகமாக்கிவிட்டால், எந்நூலுக்கும் எப்பொருளும் கூறலாம் என்றாகிவிடும். உரை மூலத்தை விளக்கலாம். மூலத்தின் இடத்தில் தான் அமர்தல் ஆகாது.

முடிவுரை

எகிப்து நாட்டு ஷரீஅத் நீதிமன்றம் ஒன்று, பஹாய் என்பது இஸ்லாத்தின் பிரிவன்று, தனிச் சமயம் என 1925இல் தீர்ப்பளித்தது. பஹாய்கள் சிலரின் திருமணங்களைச் செல்லாதனவாக்கிய அத்தீர்ப்பையும், தம் சமயம் தனித்தது என்பதற்குச் சான்றாக அவர்தம் தலைவர் ஷோகி எபெந்தி வரவேற்றார். ஆகவே, தனிச் சமயம் என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன.

தனிச் சமயத்தார் எனில், அவர்பால் நாம் ஒழுகவேண்டிய முறையும் தெளிவு. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது 2ஆம் அத்தியாயம் 256ஆம் வசனத்தின் கட்டளை. அழகிய முறையில் வாதிடுக என்பது 16ஆம் அத்தியாயம் 125ஆம் வசனத்தின் கட்டளை. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஈரானில் இருநூறுக்கும் மேற்பட்ட பஹாய்கள் உயிரிழந்தனர். அச்சமயத்து இளைஞர்க்குப் பல்கலைக்கழகக் கல்வியும் மறுக்கப்பட்டது. கொள்கைக்குச் சான்றால் விடை கூற வல்லவர்க்கு இவை தேவையில்லை. நபித்துவத்தின் முத்திரையைக் காப்பது வாளன்று, தெளிந்த கல்வியே. அக்கல்வியைப் பெறுதல் மாணவ மணிகளின் கடமை; பெறச் செய்தல் பெரியோர் கடமை.