கொழுந்தில் தொடங்கலாம்

கேள்வி: உயர்தர உயிரியலைக் கலம் முதல் சூழற்றொகுதி வரை மீட்டிப் படிக்க எங்கே தொடங்குவது?
– மாணவி, ஹட்டன்

பதில்: தேயிலைத் தொழிற்சாலையில். ரோலரில் கொழுந்து கசங்கும்போது கலங்கள் உடைகின்றன. புன்வெற்றிடத்தில் ஒதுங்கியிருந்த பொலிபீனோல்களை நொதியம் எட்டிவிடுகிறது. ஒட்சிசன் சேர, பச்சை இலை செம்பு நிறமாகிறது. உலர்த்தியின் சூடு நொதியத்தின் வடிவத்தைக் குலைத்ததும் மாற்றம் நின்றுவிடும். பாடப்புத்தகப் படத்தை மனனம் செய்வதைவிட இது நெஞ்சில் நிற்கும்.

பிறப்புரிமையியலுக்கு, ஒரே தாய்ச்செடியில் துண்டு வெட்டி நட்ட மலையைப் பாருங்கள்; அங்கே செடிகள் எல்லாம் ஒரே பரம்பரை அமைப்புக் கொண்டவை. ஓரினப் பயிரின் ஆபத்துக்கு 1869இல் இலங்கையில் தென்பட்ட கோப்பித் துருநோயே சாட்சி. சூழற்றொகுதிக்கு, இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை (மலையில் ஆட்களைக் கொட்டும் குளவியல்ல!) எடுத்துக்கொள்ளுங்கள். கடந்தகால வினாத்தாள்களை அதன்பிறகு எடுங்கள்.