மெர்ஸோவை ஐஸ் வாளியில் அமுக்காதீர்கள்

வெள்ளை ஒயின் என்றால் ஜில்லென்று இருந்தே ஆக வேண்டும் என்பது பலரின் நினைப்பு. பிரான்ஸின் பர்கண்டியில், மெர்ஸோ ஊரின் பழைய கொடிகளில் விளைந்து ஓக் பீப்பாயில் ஊறிய ஷார்டொனே ஒயினுக்கு அது ஆகாது. காசு கொடுத்து வாங்கிய மணமெல்லாம் குளிரில் அடங்கிவிடும்.

முதலில் லேபிளைப் பாருங்கள். 'வியெய் வீஞ்' என்றிருந்தால் பழைய கொடிகளின் திராட்சை. ஆனால் எத்தனை வயதானால் பழையது என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்லவில்லை. எனவே தயாரிப்பாளர் யார், எந்தத் தோட்டம் என்று பார்ப்பதே மேல். பெரியேர், ஜெனெவ்ரியேர், ஷார்ம் ஆகியவை ஊரின் பேர்பெற்ற 'பிரெமியே க்ரூ' எனும் உயர்தரத் தோட்டங்கள்.

பரிமாற 12 முதல் 14 டிகிரி சரி. ஃப்ரிட்ஜிலிருந்து அரை மணி முன்னால் எடுத்து வையுங்கள்; அறை வெக்கையாக இருந்தால் கால் மணியே போதும். கார்க்கின் அடியில் சர்க்கரைத் துகள் போல ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், அது டார்ட்ரேட் உப்பு.

வாயகன்ற, வயிறு பெருத்த கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். முதல் மோப்பத்தில் தீக்குச்சி உரசிய வாடை வரலாம். கந்தகச் சேர்மங்களின் வேலை அது. எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் கிளாஸைச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் டிகான்டரில் ஊற்றுங்கள். அதன் பிறகுதான் 228 லிட்டர் பீப்பாய் பேசத் தொடங்கும்: வனிலா, சுட்ட ரொட்டி. வெண்ணெய் மணம் மரத்திலிருந்து வருவதல்ல. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் டைஅசிட்டைல் அது. நாக்கில் தங்கும் கொழகொழப்பு, பீப்பாயடியில் படிந்த ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடந்ததன் பலன். ஒரே கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தால் இவை ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும்.

வயது அதிகமில்லாத பாட்டில் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் போல வாடை அடித்தால் அது காற்றுப்பட்டுக் கெட்ட சரக்கு. 1990களின் நடுவிலிருந்து பர்கண்டி வெள்ளை ஒயின்களைப் பிடித்த பீடை இது, டிகான்டர் உதவாது.

சாப்பாட்டுக்கு க்ரீமில் வெந்த கோழி, சிங்கி இறால், கொம்தே சீஸ். காரக்குழம்பு வேண்டாம். மிளகாய் ஆல்கஹாலை எரியவைக்கும், ஓக் கசந்துபோகும்.

மிச்சத்தைக் கார்க்கால் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் மிஞ்சினால் காளான் வதக்கும் சட்டியில் ஊற்றிவிடுங்கள்.