மலையில் டிபன் டப்பா ஏன் காலியாவதில்லை?

"வீட்டுல நல்லாத்தான் சாப்பிடறான் டாக்டர். ஸ்கூலுக்குக் கட்டிக் கொடுத்தா மட்டும் டப்பா அப்படியே திரும்பி வருது. பசி எடுக்கறதுக்கு ஏதாவது டானிக் கொடுங்களேன்!"

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. இவர்களில் பலருக்கு நான் டானிக் எழுதித் தருவதில்லை. ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலையில் குழந்தைக்குக் கட்டும் அதே சாப்பாட்டை, அதே மாதிரி இன்னொரு டப்பாவிலும் கட்டுங்கள். அதை ஜன்னல் ஓரமாக வைத்துவிடுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு எடுத்து, சூடு பண்ணாமல், நீங்களே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டுப் பாருங்கள்.

பல பேருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

காலை ஏழு மணிக்கு ஆவி பறக்க நீங்கள் ருசி பார்த்த எலுமிச்சை சாதம் வேறு. ஐந்தரை மணி நேரம் கழித்து, பனிமூட்டம் இறங்கிய வகுப்பறையில் உங்கள் குழந்தை திறக்கும் எலுமிச்சை சாதம் வேறு. அவன் வேண்டாம் என்று ஒதுக்குவது இரண்டாவதைத்தான். அதை நாம் பார்ப்பதே இல்லை!

குளிர் செய்கிற வேலை

டிபன் பாக்ஸ் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் கட்டிய சாதம் மத்தியானத்துக்குள் ஊசிப் போய்விடுமோ என்றுதான் கவலை. மலையில் நம் கவலை வேறு.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது. ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பும் சாதமும் எவ்வளவு நேரம் வெந்தாலும் உள்ளே கொஞ்சம் நறுக்கென்று இருப்பது இதனால்தான். சூடாக இருக்கும்போது அது தெரியாது, ஆறினால் பல்லில் தெரியும். ஆகவே டப்பாவுக்குப் போகிற சாதத்தைக் குக்கரிலேயே வையுங்கள். வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் கூட, ஒன்றிரண்டு விசிலும் கூட. பெரியவர்களுக்குக் 'குழைந்து போச்சு' என்று தோன்றும் பதம்தான் டப்பாவுக்குச் சரியான பதம்.

அடுத்தது, வெந்த சாதத்திலுள்ள மாவுச்சத்து ஆற ஆற இறுகிக்கொண்டே போகும். குளிர் கூடினால் இன்னும் வேகமாக இறுகும். ஃப்ரிட்ஜில் வைத்த சாதம் விறைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே! டிசம்பர், ஜனவரி மாதத்து ஊட்டி வகுப்பறையும் ஏறக்குறைய ஒரு ஃப்ரிட்ஜ்தான்.

இதைவிட முக்கியமானது எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நம் ஊரில் பகலிலேயே அந்தச் சூடு வருவது அபூர்வம். தேங்காய் எண்ணெயில் தாளித்த பீன்ஸ் பொரியல் மத்தியானம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். நெய் ஊற்றிய பருப்பு சாதமும் அப்படித்தான்; நாக்கிலும் மேலண்ணத்திலும் மெழுகு தடவினாற்போல் ஒட்டிக்கொள்ளும். நெய்யை உருக்கித்தான் உண்ண வேண்டும் என்று தேரையர் விதித்திருக்கிறார். உறைந்த நெய்யோடு வரும் சாதத்தை ஐந்து வயதுக் குழந்தை தள்ளி வைத்தால் அதைக் குறும்பு என்று சொல்ல முடியுமா?

இதற்கு வழி நல்லெண்ணெய். நம் குளிருக்கு அது உறையாது. டப்பாவுக்குப் போகிற எதையும் நல்லெண்ணெயில் தாளியுங்கள். நெய்யைக் காலையிலோ ராத்திரியிலோ வீட்டில் சுடுசாதத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

தயிர்சாதம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சமவெளியில் ஒரு தந்திரம் உண்டு. சாதத்தில் பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைந்து அனுப்பினால், மத்தியானத்துக்குள் அளவாகப் புளித்துத் தயிர்சாதமாகிவிடும். இந்த வித்தை ஊட்டியில் பலிக்காது. பால் தோயவே தோயாது. குழந்தைக்குக் கிடைப்பது பாலும் இல்லாத, தயிரும் இல்லாத ஏதோ ஒன்று. தயிரைப் பிசைந்தே அனுப்பினாலும் அந்தக் குளிரில் பல் கூசும். சித்த வைத்தியக் கணக்கில் குளிர்ந்த தயிர் கபத்தைக் கூட்டும் என்பதையும் வைத்துப் பார்த்தால், மழை, பனி மாதங்களில் தயிரை டப்பாவில் வைக்காமல், சாயங்காலம் அறைச் சூட்டில் வீட்டிலேயே கொடுப்பது நல்லது என்பது என் கட்சி. வெயில் காயும் ஏப்ரல், மே மாதங்களில் அனுப்பலாம்.

டப்பாவையும் கவனியுங்கள்

ஒற்றைச் சுவர் எவர்சில்வர் டப்பா பத்தே நிமிஷத்தில் குளிர் வாங்கிவிடும். வாய் அகன்ற ஃபிளாஸ்க் டப்பா ஒன்று வாங்கிவிடுங்கள், அது வீண் செலவில்லை. ஆனால் அதில் சாதத்தை அப்படியே போட்டு மூடினால் பாதிப் பலன்தான். முதலில் கொதிக்கிற தண்ணீரை நிரப்பி மூடி, பத்து நிமிஷம் வைத்துக் கொட்டுங்கள். உடனே ஆவி பறக்கிற சாப்பாட்டை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி காலியான ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் குழந்தையின் அளவுக்கு ஏற்ற சின்ன ஃபிளாஸ்க்தான் சரி. வெதுவெதுப்பான சாதத்தை இதில் அடைத்து வைக்கவே கூடாது. மணிக்கணக்காக வெதுவெதுப்பில் கிடக்கும் சாதத்தில் கிருமிகள் பெருகும், வயிற்றைக் கெடுக்கும். ஒன்று நல்ல சூடு, அல்லது ஆறிய பிறகும் ருசிக்கிற பண்டம். நடுவில் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சுடச்சுட மூடிய டப்பா ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடி இறுகப் பிடித்துக்கொள்ளும். குளிரில் விறைத்த பிஞ்சு விரல்களால் அதைத் திறக்க முடியாது. டீச்சரிடம் கேட்க வெட்கம். கடைசியில் தண்ணீரைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விடும். வீட்டில் ஆறின டப்பாவை உங்கள் குழந்தையையே திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க முடியாவிட்டால் மூடியை மாற்றுங்கள். மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் வாரம் இரண்டு முறை கழற்றிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். முந்தாநாள் சாம்பார் வாசனை அடிக்கிற டப்பாவில் எதை வைத்தாலும் குழந்தை மூக்கைச் சுளிக்கும்.

சரி, எதைத்தான் வைப்பது?

இதற்கான பதிலைத் தேடி ஒரு காலத்தில் நம் குன்னூரிலேயே பெரிய ஆராய்ச்சி நடந்தது! சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டியர் நிறுவனத்தை வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கே 1918-ல் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் வேலையைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசன் ஒரே வயது எலிக்குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி, பழம் என்ற சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. நம் சென்னை மாகாணத்து உணவு சாப்பிட்டவை கடைசி! தீட்டிய வெள்ளை அரிசி மலைபோல, மற்றதெல்லாம் துளித்துளி என்பதே காரணம். இன்னொரு கூட்டத்துக்கு ஏழை ஆங்கிலேயர் உணவு. வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ, அவித்த காய், டின்னில் அடைத்த இறைச்சி. அவை வளர்ச்சி குன்றியதோடு, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தன.

எலி வேறு, குழந்தை வேறுதான். ஆனாலும் பிரெட்டும் ஜாமும் வைத்து அனுப்பும்போது அந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியின் மேல் குற்றமில்லை. அரிசிக்குத் துணை போகாததுதான் குற்றம்.

குளிரிலும் மிருதுவாக இருக்கிற, துணையும் சேர்ந்த பண்டங்கள் நம்மிடம் நிறைய உண்டு. கோதுமை மாவில் வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கையும் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலையும் சேர்த்துப் பிசைந்து சப்பாத்தி செய்தால் மத்தியானம் வரை விறைக்காது. உள்ளே துருவிய கேரட்டோ மசித்த பட்டாணியோ வைத்துச் சுருட்டி, ஒரு வாய்க்கு ஒரு துண்டாக வெட்டி வையுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குக் குளிரில் பிய்த்துச் சாப்பிடப் பொறுமை இருக்காது. எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்த குழைவான சாதம், கூடவே அரைத்த பருப்பில் செய்த மெத்தென்ற அடை. முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் முட்டையை அடித்து ஊற்றிய ஊத்தப்பம். பச்சைப்பயறு போட்டுத் தளர வைத்த சாமைப் பொங்கலை ஃபிளாஸ்கில் வைத்தால் பிரமாதம். படுகர் வீட்டுப் பாட்டிமார்களுக்குச் சாமையும் ராகியும் கைவந்த சமையல். அவர்களைக் கேட்டாலே பத்து வகை சொல்வார்கள்.

இட்லி கொடுக்கலாம், ஆனால் நம் குளிரில் மாவு ராத்திரியோடு பொங்காது. பொங்காத மாவில் வார்த்த இட்லி மத்தியானம் கல்லு. முதல் நாள் மத்தியானமே அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடை ஓரம் வைப்பவர்கள் மட்டும் டப்பாவில் இட்லி வையுங்கள்.

காய்கறிக்கு நம் ஜில்லாவில் பஞ்சமே இல்லை. பச்சைக் கேரட்டை நீளத் துண்டுகளாக அனுப்புவதைவிட ஆவியில் வேகவைத்து எள் தூவி அனுப்பினால் சின்னக் குழந்தைகள் சாப்பிடும். பீட்ரூட் சாதத்தின் ரோஸ் நிறத்துக்கே பாதிக் குழந்தை மயங்கிவிடும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு நிலக்கடலையும் கெட்டியான பச்சைக் காய்த்துண்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

எவ்வளவு?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சம்பந்தப்பட்ட 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,360 கலோரி தேவை. 7 முதல் 9 வயதில் 1,700. மத்தியானத்துக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். சின்னக் குழந்தைக்கு ஒரு சிறு கிண்ணம் சாதம், இரண்டு ஸ்பூன் பருப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒரு முட்டையோ கைப்பிடிச் சுண்டலோ, ஒரு பழம். அவ்வளவுதான்! அப்பாவின் ஆபீஸ் டப்பா அளவுக்குத் திணித்துவிட்டு, "பாதி மிச்சம் வச்சுட்டா" என்று கவலைப்படுபவர்கள் அநேகம். கொஞ்சமாக வையுங்கள். காலியான டப்பாவைக் கொண்டு வந்து காட்டுவதில் குழந்தைக்கு ஒரு பெருமை உண்டு, அதற்கு இடம் கொடுங்கள்.

வர்க்கியும் டீயும்

நம் மலைக் குழந்தைகளுக்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் வேன் வருவதற்குள் ஒரு டம்ளர் டீ, இரண்டு வர்க்கி. மாலையிலும் அதே. ஊரெல்லாம் தேயிலை விளைகிறது என்பதற்காகக் குழந்தைக்கு டீ வேண்டுமென்பதில்லை. டீயிலுள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சைவக் குடும்பங்களில் கீரையிலும் பருப்பிலும் கிடைக்கிற கொஞ்சம் இரும்பும் இப்படி வீணாகிறது. இரும்பு குறைந்து ரத்தம் வற்றிய குழந்தைக்குப் பசியும் குறையும். பிறகு டானிக் கேட்டு வருகிறீர்கள்! டீக்குப் பதிலாகப் பாலோ ராகிக் கஞ்சியோ கொடுங்கள். மாறாக, சாப்பாட்டோடு ஒரு புளிப்புப் பழம் போனால் இரும்பு நன்றாகச் சேரும். கொய்யா, ஆரஞ்சு, சீசனில் நம் பிளம்ஸ் என்று கிடைப்பதைக் கொடுங்கள். வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நானே சாப்பிடுகிறவன்தான்.

நாள்பட மந்தமாக இருக்கும் நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு வீட்டிலேயே ஒரு பொடி செய்யலாம். சீரகம் 20 கிராம், ஓமம் 10, சுக்கு 10, மிளகு 5, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. லேசாக வறுத்துப் பொடியுங்கள். ராத்திரிச் சாப்பாட்டின் முதல் கவளச் சுடுசாதத்தில் கால் ஸ்பூன் பொடியும் நல்லெண்ணெயும். ஒரு வாரம் போதும்.

மூன்று மாதமாக எடை ஏறாமலே இருப்பது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு, மண், சாக்பீஸ் தின்பது, அடிக்கடி வயிற்றுவலி, ராத்திரி ஆசனவாயில் அரிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் பொடியோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டி ரத்தம் பரிசோதியுங்கள். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போடவைக்காதீர்கள்.

தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பாருங்கள். குளிரில் குழந்தைக்குத் தாகம் தெரியாது. பச்சைத் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் வாயிலேயே வைக்காது. தண்ணீர் குறைந்தால் மலம் கட்டும், மலம் கட்டினால் பசி மந்திக்கும். காலையில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக, சின்ன ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புங்கள்.